விட்டம்

படிவத்தில் ஏழு கட்டங்கள்.
நாள், நேரம், காற்றின் திசை,
எத்தனை நிமிடம், கல்லின் விட்டம், சேதம்.
ஏழாவது 'பிற'.
இரண்டு விரல் அகலம்தான்.
சான் ரஃபாயேலுக்குக் கிழக்கே, திராட்சைக்கு நடுவே
நான் நுழைகிற வீடுகளிலெல்லாம்
அந்த இரண்டு விரல் அகலத்தில்தான்
எல்லோரும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இங்கே யாரும் ஆலங்கட்டி என்பதில்லை.
கல் என்கிறார்கள்.
கல் வந்தது. கல் கொண்டுபோயிற்று.
எதை என்று கேட்கக் கூடாது.

அன்செல்மோ ஃபூனெஸ்
தன் லாரியின் முகப்பைக் காட்டினார்.
அம்மை வார்த்து இறங்கிய முகம்.
'தட்டி நிமிர்த்தலாம் என்றான் மகன்.
நான் விடவில்லை. சாட்சி இது.'
காப்பீட்டுக்காரன் அந்த ஆண்டு
'தூறல்' என்று எழுதிவிட்டுப் போனானாம்.
குழியின் அளவு கல்லின் அளவல்ல, தெரியும்.
ஆனாலும் ஒவ்வொன்றாக அளந்தேன்.
இருபத்தேழாவது குழியில் ஒரு சிலந்தி குடியிருந்தது.
அதை விட்டுவிட்டேன்.

எந்த ஆண்டு? என்றேன்.
மூத்தவன் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஆண்டு.
இல்லை, அவன் போன ஆண்டு
என்றாள் சமையலறைக்குள்ளிருந்து டெல்மிரா.
கதவுக்கு இப்புறமும் அப்புறமுமாக
இருபது நிமிட இழுபறி.
இரண்டையும் எழுதினேன்.
ஒரே புயல், இரண்டு வரி.

அடுத்த வீட்டு முற்றத்தில்
மேகத்தை வெட்டுவதற்கு உப்பால் ஒரு சிலுவை.
வெட்டியதா?
'எங்களைத்தான் வெட்டியது.
பக்கத்துத் தோட்டக்காரன் போட்டது பெரிய சிலுவை.'
இன்னொருவன் விமானத்தைத் திட்டினான்,
மேகத்துக்கு மருந்து தூவப் போவது
மழையையும் சேர்த்துத் துரத்திவிடுகிறதாம்.
எழுதினேன்.
நம்புவது என் வேலையில்லை.
விட்டுவிடுவதும் இல்லை.

ஒன்று மட்டும்
நான் கேட்காமலே வந்துகொண்டிருந்தது:
முன்பெல்லாம் பழம் கறுத்த பிறகு வரும்,
இப்போது பூவிலேயே வந்துவிடுகிறது.
பதினான்கு வீட்டில் ஒன்பது.
ஒன்பது வாய் நிரூபணமாகாது என்பார்கள் அலுவலகத்தில்.
ஆகாதுதான்.
ராடார் வருவதற்கு முந்திய கோடைகளுக்கு
வேறு வாய் எங்கே இருக்கிறது?

பதினைந்தாவது வீடு ஸுலேமா பரோசோவுடையது.
விட்டம் என்று நான் வாயெடுத்ததும் எழுந்துபோய்
குளிர்பெட்டியில் மாட்டிறைச்சிக்குப் பின்னாலிருந்து
வாயகன்ற ஜாம் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தாள்.
அடியில் கொஞ்சம் பனி.

கூரைத் தகரத்தைக் கிழித்து
விட்டத்தில் மோதி
தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததாம்.
அன்றே எடுத்து வைத்தாள்.
நான்கு ஆண்டு கல்லாகவே இருந்தது.
ஒரு ஜனவரியில் மூன்று நாள் மின்சாரம் போக
பாட்டிலுக்குள்ளேயே தண்ணீராயிற்று.
திரும்ப உறையவைத்தாள்.
'உருண்டை போய்விட்டது. ஆனால் அதே தண்ணீர்.'
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்,
சிரிப்பேனோ என்று.

உருக்கலாமா என்றேன்.
நெடுநேரம் யோசித்தாள்.
பிறகு பாட்டிலை அடுப்போரம் வைத்தாள்.
மாத்தே குடித்தபடி இருவரும்
ஒரு புயல் இளகக் காத்திருந்தோம்.
அன்று தொட்டிலில் இருந்தவன்
வாசலில் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான்.
அது கிளம்புவதாக இல்லை.

மாவு அளக்கும் குவளையில் எண்பத்தைந்து மில்லி.
பனியின் அடர்த்தியால் வகுத்து
படிவத்தின் முதுகிலேயே கனமூலம் எடுத்தேன்.
ஐந்தரை சென்டிமீட்டர், ஒரு மயிரிழை கூட.
'கசிந்தது போக' என்றாள்.
'குறைந்தது' என்று முன்னால் சேர்த்தேன்.
ஐந்தாவது கட்டத்தில்
இந்தக் கோடையின் முதல் எண்.

கடைசிச் சொட்டுவரை
அவள் பாட்டிலுக்கே திருப்பி ஊற்றினாள்.
குவளையில் ஒட்டியதை விரலால் வழித்தாள்.
இறைச்சியை நகர்த்தி இடம் செய்தாள்.

நான் வெளியே வந்தபோது
மேற்கே மலைக்கு மேல்
காலிஃபிளவர் போல ஒன்று வெளுப்பாக எழும்பிக்கொண்டிருந்தது.
பையன் உதைப்பதை நிறுத்திவிட்டு
யாரும் சொல்லாமலே
வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினான்.
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.